நான் சேர்த்த 'ஜுஜுபி'

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் எங்கள் ஊர் கோர்ட்டில், சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள். நான் எதையும் திருடவில்லை. யாரும் திருடியதைப் பார்க்கவும் இல்லை. செய்ததெல்லாம் ஒன்றுதான் — இரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே பக்கத்தில், ஒரு பத்தி எழுதினேன்.

அரசு வழக்கறிஞர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார். நல்ல கணீரென்ற குரல். ஆனால் ஏற்ற இறக்கம் கிடையாது. நிலப் பத்திரம் படிக்கிற குரல்.

"'எந்த லாக்கா இருந்தாலும் உடைப்பேன் டீச்சர். கம்பெனிக்காரங்க லாக்கெல்லாம் எனக்கு ஜுஜுபி' என்று சிரித்தார் எங்க ஊர் ஹேக்கர்."

ஜுஜுபி என்ற சொல்லை அவ்வளவு சோகமாக ஒருவர் உச்சரித்து நான் கேட்டதே இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க் கூண்டில் நின்ற சகாயமும் சிரிக்கவில்லை.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"எதிரி உங்ககிட்ட சொன்னதைத்தான் எழுதியிருக்கீங்க. சரிதானே?"

கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி, எப்போதிலிருந்து எதிரி என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேஸ் போட்ட அன்றைக்கே அந்தப் பெயர் வந்துவிடுகிறது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், இந்த எதிரி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சகாயம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். முப்பத்தாறு வயது. டிப்ளமோ படித்தவர். மனைவி ஸ்டெல்லா, ஒரு பெண் குழந்தை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். இறந்த காலத்தில் எழுதுகிறேன் பாருங்கள்... ஆமாம், வைத்திருந்தார்.

ஆரணியில் கம்ப்யூட்டர் கடை என்றால் லேப்டாப் மட்டும் வராது. தறிக்காரர்களும் வருவார்கள். பட்டுப்புடவையின் முந்தானையில் மயில் எங்கே, மாங்காய் எங்கே என்பதை இப்போதெல்லாம் தறிக்கு மேலே இருக்கிற ஒரு எலக்ட்ரானிக் பெட்டிதான் சொல்கிறது. டிசைனைப் பென்டிரைவில் போட்டுப் பெட்டியில் செருகுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டி, திடீரென்று பாதி மயிலில் நின்றுவிடும். நின்று, ஒரு நம்பர் கேட்கும். அந்த நம்பர் பெட்டி விற்ற கம்பெனிக்குத்தான் தெரியும். கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தலையில்லாத மயில் தறியில் தொங்கும்.

அதனால் பெட்டியைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சகாயத்திடம் வருவார்கள். அரைமணி நேரத்தில் ஓடவிட்டுக் கொடுப்பார். இந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. லாக் உடைக்கிறது.

"பெட்டிய உடைச்சிகினு வந்துடு" என்று கணவனை அனுப்பிவைக்கிற மனைவிகள் இங்கே ஏராளம். யாரும் சுத்தியலைத் தேடுவதில்லை. உடைப்பது என்றால் ஓட வைப்பது — அவ்வளவுதான் அர்த்தம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் லேப்டாப் ஒருநாள் என்னையே 'நீ யார்' என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டது. உள்ளே ஆறு வருடப் பத்திகள். அழாத குறையாகச் சகாயத்திடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்கிற வரை கடையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பைகள் வருவதும் போவதுமாக இருந்தன. நமக்குத்தான் எதைப் பார்த்தாலும் பத்தி ஆயிற்றே... இதென்ன வேலை என்று கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான்: "பெட்டி நின்னு போச்சினா எடுத்துகினு வருவாங்க டீச்சர். எந்த லாக்கா இருந்தாலும் உடைப்பேன். ஓட வுட்டுக் குடுப்பேன். அவ்ளோதான்."

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் எனக்கு அது சப்பென்று இருந்தது. உப்பு போதவில்லை. 'ஓட வுட்டுக் குடுப்பேன்' நீளமாக இருக்கிறது என்று வெட்டினேன். அந்த இடத்தில் கம்பெனிக்காரங்களைச் சேர்த்தேன். ஜுஜுபியைச் சேர்த்தேன். தலைப்பில் 'எங்க ஊர் ஹேக்கர்' என்று போட்டேன். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்கள்.

சகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டெல்லா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கடைச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் சகாயம் அதைக் காட்டுவார். ஹேக்கர் சார் என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு வருடம் போயிற்று. வெளியூர் டிசைன் கம்பெனி ஒன்று புகார் கொடுத்தது. யாரோ தங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து டிசைன்களை எடுத்துவிட்டார்களாம். அதே டிசைன் புடவைகள் எங்கள் பக்கத்துத் தறிகளில் ஓடுகின்றனவாம். போலீஸ் ஜீப்பில் வந்து கடை கடையாக விசாரித்தது. பென்டிரைவ் விற்கிற கடை, ஜெராக்ஸ் கடை, சகாயம் கடை. மற்ற கடைகளில் ஐந்து ஐந்து நிமிடம். சகாயம் கடையில் மட்டும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

லாக்கையெல்லாம் நீ உடைப்பாயா என்று கேட்டிருக்கிறார்கள். நம்ம ஆள் பெருமையாக, ஊரில் பாதிப் பெட்டிக்கு நான்தான் சார் உடைக்கிறேன் என்றிருக்கிறார். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தார். அவருக்குமே அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. ஆரணியில் யார் காதில் விழுந்தாலும் தப்பாகத் தெரிந்திருக்காது. எழுதிக்கொண்ட போலீஸ்காரர் ஆரணிக்காரர் இல்லை.

கம்ப்யூட்டர்களையும் சகாயத்தையும் கொண்டுபோனார்கள். கூடவே லேமினேட் செய்த என் பத்தியையும்.

அவர் அந்த டிசைன்களை எடுத்தாரா, இல்லையா? எனக்குத் தெரியாது. அதைக் கோர்ட் சொல்ல வேண்டும். ஆனால் இந்த 'தெரியாது' என்கிற வார்த்தையை இந்த ஒரு வருடத்தில் எங்கள் ஊரில் என்னைத் தவிர யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது!

அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்துவிட்டது. பத்து வருடமாகத் தினம் பார்க்கிற முகம். அதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. நம்ம ஊரிலேயே ஹேக்கரா, அமெரிக்காவிலிருந்தே தேடி வந்தார்களாமே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். திருவண்ணாமலையே தாண்டாத வழக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது யார் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் பயம் வந்தது. அவர் கையில் எப்போதாவது போனைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல். தேவிகாபுரத்திலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார். சகாயம் கடையில் போன வருடம் போனுக்குக் கண்ணாடி ஒட்டினாராம். என் பத்தியைப் படித்துத்தான் அந்தக் கடைக்கே போனாராம். இப்போது போன் தானாக எரிந்து எரிந்து அணைகிறதாம். நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன். அலாரம் வைத்திருந்தார்.

ஊரில் நெட் மெதுவாக இருந்தால் சகாயம். காஸ் மானியம் வரவில்லையென்றால் சகாயம். யாரோ ஒருவருடைய பேரன் ஃபெயிலானதற்குக் கூட மார்க்கை மாற்றியது சகாயம்தான் என்றார்கள். அப்போது அவர் ஜெயிலில் இருந்தார் என்று நான் சொன்னேன். அங்கிருந்தே செய்வான் என்றார்கள். இதற்கு மேல் என்ன பேசுவது?

ஜாமீனில் வந்தார். வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். தெருவில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஆட்கள், தனித்தனியாக, வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தார்கள். மருமகனின் வாட்ஸ்அப்பைப் பார்க்க முடியுமா? பங்காளியின் போனில் என்ன இருக்கிறது? ஆபீஸில் எனக்கு மேலே இருக்கிறவருக்கு மெயில் போவதை நிறுத்த முடியுமா? அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் செய்ய மாட்டேன் என்று சகாயம் சொல்ல, கோபித்துக்கொண்டு போனார்கள். போய், திமிர் பிடித்தவன் என்றார்கள். திருட மறுத்ததற்காகத் திருடன் என்று பெயர் வாங்கியவர், எனக்குத் தெரிந்து சகாயம் ஒருவர்தான்.

சபையிலும் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனை வரிகளைத் திரையில் ஓடவிடுவது பல வருடங்களாகச் சகாயத்தின் ஊழியம். கமிட்டி ரொம்பப் பணிவாகச் சொல்லியனுப்பியது — கேஸ் முடியிற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கட்டும். சரி என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் திறக்கவில்லை. பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். போன் செய்து கேட்டார்கள். சொன்னார். 'ஸ்தோத்திரம்'. ஆங்கில எழுத்தில்.

லேப்டாப் திறந்தது. கீர்த்தனை ஓடியது. ஆராதனை முடிந்து வெளியே வந்து, பார்த்தீங்களா, சபை லேப்டாப்புக்கே லாக் போட்டு வைத்திருக்கிறான் என்றார்கள்.

ஸ்டெல்லா அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். காபியும் குடிக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடையை மூடினார்கள். கலசப்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் சகாயத்துக்கு வேலை கிடைத்தது. நாலாம் நாள் முதலாளி சும்மா இருக்காமல் அவர் பெயரைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் வந்தது எது தெரியுமா? வழக்குச் செய்தி இல்லை. என் பத்தி. 'எங்க ஊர் ஹேக்கர்', என் சிரித்த முகப் படத்தோடு. மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, இணையத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, முடியாது என்றார். அது இப்போது சாட்சி ஆவணம். கை வைத்தால் ஆதாரத்தை அழித்தது ஆகிவிடும். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் எழுதியதை நானே எடுக்க முடியாது. அது அரசாங்கத்தின் சொத்து ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் தேசூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். நீண்ட நாள் வாசகர், நல்லவர். எழுதியிருந்தார்: அந்தக் கயவனை அன்றே ஊருக்கு அடையாளம் காட்டிய உங்கள் தைரியத்துக்குத் தலைவணங்குகிறேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். எட்டு வருடத்தில் நான் கிழித்த ஒரே வாசகர் கடிதம் அது. ஐயா, மன்னிக்கணும்.

பிறகு சம்மன் வந்தது. அரசுத் தரப்பு சாட்சி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த சுமதி இப்போது வக்கீல். இந்த வழக்குக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அவளிடம் போனேன். போலீஸிடமே உடைத்தேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டாரே, அதற்கு மேல் என் பத்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"போலீஸ் கிட்ட ஒத்துகினது கோர்ட்ல நிக்காதுங்க டீச்சர்," என்றாள் சுமதி. "உங்க கிட்ட சொன்னதா நீங்க எழுதியிருக்கீங்களே... அதுதான் நிக்கும்."

ஆக, அந்த மனிதரை உள்ளே தள்ள இருக்கிற ஒரே வாக்குமூலம் நான் உப்பு போட்ட அந்த இரண்டு வரி. இப்போது என்ன செய்யட்டும் என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் என் கணவர் வேறு மாதிரி சொன்னார். எட்டு வருடமாக எழுதுகிறாய், எழுதியது பொய் என்று கூண்டில் ஏறி நீயே சொல்லப் போகிறாயா, அப்புறம் யார் படிப்பார்கள் என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சரி, கூண்டுக்கு வருவோம். எதிரி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், சரிதானே?

"இல்லைங்க," என்றேன். "நான் கொஞ்சம் சேர்த்து எழுதினேன்."

அரசு வழக்கறிஞர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்து, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்றார். பிறழ் சாட்சி — நல்ல தமிழ்ச் சொல். முப்பது வருடம் தமிழ் நடத்தியவள், அந்த நேரத்திலும் அதை ரசித்தேன். ஆனால் நான் பிறழ்ந்தது செவ்வாய்க்கிழமை அன்றைக்கா? அது இரண்டு வருடங்களுக்கு முன்னால், என் மேஜையில் நடந்தது.

"அப்ப நீங்க எழுதினது பொய்?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்? எந்தெந்த வார்த்தை பொய்னு சொல்லுங்க."

தாளைக் கையில் கொடுத்துவிட்டார். வாத்தியார் தப்பைக் கோடிடச் சொல்கிற மாதிரி, நான் விரலை வைத்துச் சொன்னேன். ஹேக்கர், நான் போட்டது. கம்பெனிக்காரங்க, நான் போட்டது. ஜுஜுபி, நான் போட்டது. சிரித்தாரே, அதுவாவது நிஜமா என்றார். சிரித்தது நிஜம் என்றேன்.

"'எந்த லாக்கா இருந்தாலும் உடைப்பேன்'... இது?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த நிஜமான வார்த்தை. அவர் சொன்னதுதான் என்றேன். உடனே, எங்கள் ஊரில் உடைப்பது என்றால் ஓட வைப்பது என்று அர்த்தம், அடுத்து அவர் சொன்னதை நான்தான் வெட்டிவிட்டேன் என்று விளக்க ஆரம்பித்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். உடைப்பதற்கு ரிப்பேர் என்று எந்த அகராதியிலாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நானும் தமிழ் டீச்சர்தான். எந்த அகராதியிலும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் குரூப்பில் செய்தி வந்துவிட்டது: 'டீச்சர் பல்டி'. எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊர்க்காரனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று இன்னொருவர் பெருந்தன்மையாக எழுதியிருந்தார். எழுதியது பொய், சொன்னது உண்மை என்று ஒருவர்... ஒரே ஒருவர் கூட நினைக்கவில்லை. அச்சில் வந்தது எப்படிப் பொய்யாகும் என்று காய்கறிக்கடை அம்மா என்னையே கேட்டார். எட்டு வருடமாக நான் சம்பாதித்த நம்பிக்கை இதுதான். நான் பொய் சொன்ன இடத்தில் போய் அது உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

சகாயமாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், இதைப் பற்றி எழுத அனுமதியும் கேட்க வேண்டும். ஸ்டெல்லா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சகாயம் எதிரே நின்றுகொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனுக்காக கோர்ட்டு ஏறி பொய் சொல்லிட்டீங்களே டீச்சர்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. பொய் இல்லையப்பா, நீ ஜுஜுபி என்று சொல்லவே இல்லை, நான்தான் சேர்த்தேன் என்றேன்.

"நான்தான் சொன்னேன் டீச்சர். எனுக்கு நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கி சிரிச்சிகினே சொன்னேன்."

இல்லை என்றேன். சகாயம், இல்லவே இல்லை என்றேன். கர்த்தர் மேல் ஆணையாக இல்லை என்று அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். ஒரு வருடம் தினம் காலையில் கடையைத் திறந்ததும் சுவரில் அதைத்தான் படித்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். நான் எழுதியது அவர் பேசியதாகிவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"நீங்க நல்லவங்க, சொல்லிட்டீங்க. ஆனா ஜட்ஜய்யா என்னியே கூப்ட்டு கேட்டா, ஆமான்னுதான் டீச்சர் சொல்லுவேன். சபையில நிக்கிறவன் நான், பொய் சொல்லக் கூடாது."

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுமதியிடம் ஓடினேன். அவருடைய வக்கீல் பேசிப் பார்ப்பார் என்றாள். அவள் குரலிலும் தெம்பில்லை. இனி அடுத்த மாதம் வரை நான் செய்ய ஒன்றுமில்லை, இதை எழுதுவதைத் தவிர.

எழுதியதை நேற்று கொண்டுபோய்ச் சகாயத்திடம் படித்துக் காட்டினேன். நல்லா இருக்குது டீச்சர், ஆனா ஜுஜுபி மட்டும் நான் சொன்னதுதான் என்றார்.

இந்த வாரம் யார் பேச்சிலும் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நம்புவீர்களா?